ஏழு கேமராவும் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும்: திருச்சி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருச்சியில் என் அக்கா வீடு. தரைத்தளம், மாடி, முன்னால் கார் நிற்கும் ஷெட், பின்னால் கிணறும் மோட்டார் அறையும். நான்கு அனலாக் கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டி ஒன்றும் சில வருடங்களாகவே இருந்தன. குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தபோது பின்பக்கத்து மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வியே "கேமரா இருக்கா?" என்பதுதான். இருந்தது. டிவியில் நான்கு படமும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. பழைய பதிவைத் தேடினால் ஒன்றுமே இல்லை. டிவிஆருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் பல மாதங்களுக்கு முன்பே செத்துப்போயிருந்தது. அது அடித்த பீப் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ அதையும் அணைத்து வைத்திருந்தார்கள்.

இது அந்த வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை. நேரடிப் படம் தெரிகிற வரைக்கும் கேமரா வேலை செய்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறோம். பதிவு நின்றுபோனது திருட்டுக்குப் பிறகுதான் தெரிய வருகிறது. அதனால் புது அமைப்புக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, நான் முதலில் பார்க்க விரும்பியது அதன் வேகத்தை இல்லை. வருடம் முழுக்க, ஆள் கவனிக்காவிட்டாலும், அது எழுதிக்கொண்டே இருக்குமா? எழுதுவது நின்றால் நமக்குச் சொல்லுமா? இந்த இரண்டும்தான்.

கம்ப்யூட்டர் தேவைதானா?

பல வீடுகளுக்குத் தேவையில்லை. ஒரே கம்பெனியின் நான்கு ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புபவை), அதே கம்பெனியின் என்விஆர் (அவற்றுக்கான பதிவுப் பெட்டி), நல்ல டிஸ்க் ஒன்று, இவ்வளவு போதும். என்விஆர் குறைந்த கரன்டில் ஓடும், சின்னப் பெட்டி, பொருத்துகிறவருக்கும் பழக்கமானது. "கம்ப்யூட்டரில் போட்டால் இன்னும் நல்லா இருக்கும்" என்று பொதுவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அக்கா வீட்டில் நிலைமை வேறு. பழைய அனலாக் கேமரா நான்கும் நன்றாகவே இருந்தன. சுவருக்குள் போன பழைய கேமரா கேபிளைப் பிடுங்க மனமில்லை. வாசல், மோட்டார் அறை, மாடிப்படி ஆகிய மூன்று இடங்களுக்குப் புதிதாக 4 மெகாபிக்சல் ஐபி கேமரா வேண்டும். அவை இரண்டு வேறு கம்பெனிகளுடையவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வந்தால் மட்டும் போனுக்குத் தகவல் வர வேண்டும். பழைய டிவிஆரில் அசைவு எச்சரிக்கை இருந்தது. ஆனால் மழை பெய்த இரவில் ஈசல் கிளம்பினால், கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் விடிய விடிய எச்சரிக்கை வரும். லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினாலும் அப்படித்தான். அத்தான் ஒரு வாரத்திலேயே அதை அணைத்துவிட்டார்.

இதற்கெல்லாம் ஃப்ரிகேட் என்ற திறமூல மென்பொருள் பொருந்தியது. லினக்ஸில் ஓடும். ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் பொதுவான முறை) தருகிற கேமரா எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் படத்தை வாங்கிக்கொள்ளும். படத்தில் இருப்பது மனிதனா, நாயா, காரா என்று பிரித்துச் சொல்லும். பழைய டிவிஆரும் தன் நான்கு சேனலையும் ஆர்டிஎஸ்பியில் கொடுக்கக்கூடியது என்பதால் அதைத் தூக்கிப்போட வேண்டியிருக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அனலாக்கை நெட்வொர்க்குக்கு மாற்றித் தருகிற பெட்டியாக மட்டும் அதை வைத்துக்கொண்டோம். விண்டோஸில்தான் வேண்டும் என்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து வாங்குகிற ப்ளூ ஐரிஸ் உண்டு. எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலை எவ்வளவு?

கம்ப்யூட்டர் தேடுவதற்கு முன் ஒரு தாளில் போட்ட கணக்கு இது. அனலாக் கேமரா ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்), நான்குக்கு 8. ஐபி கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ், மூன்றுக்கு 12. மொத்தம் 20 எம்பிபிஎஸ்; 8 பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு 2.5 எம்பி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 216 ஜிபி. 4 டிபி டிஸ்க்கில் 18 நாள் நிற்கும். கல்யாணம், கோவில், லீவு என்று வெளியூர் போய்விட்டு வந்து பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. அது நிறைவேறுகிறது.

வினாடிக்கு 2.5 எம்பி என்பது எந்தப் பழைய டிஸ்க்குக்கும் தூசு. பதிவு செய்கிறபோது மென்பொருள் படத்தைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. கேமரா சுருக்கி அனுப்பியதை வந்தபடியே டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. அதனால் வெறும் பதிவுக்குப் பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும். சுமை வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, சுருக்கிய படத்தை விரிப்பது. இரண்டு, விரித்த படத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது.

முதலாவதைக் குறைக்க ஒரு எளிய வழி கேமராவிலேயே இருக்கிறது. பெரும்பாலான ஐபி கேமராக்கள் இரண்டு ஓட்டம் தருகின்றன: பதிவுக்கான பெரிய படம், பார்வைக்கான சின்னப் படம். பெரியதை எச்.265 என்ற புதிய சுருக்கு முறையில் வைத்து அப்படியே டிஸ்க்குக்கு அனுப்பிவிடலாம். சின்னதை எச்.264 என்ற பழைய முறையில், 704-க்கு 576 அளவில், வினாடிக்கு 5 படம் என்று வைத்து ஆள் தேடக் கொடுக்கலாம். ஆள் கண்டுபிடிக்க இது தாராளம். "ஏழு கேமராவுக்கு ஐ7 வேண்டும், 16 ஜிபி ராம் வேண்டும், கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்று கடைகளில் சொல்லப்படுவது, எல்லாக் கேமராவின் பெரிய படத்தையும் எந்நேரமும் விரித்துக்கொண்டிருந்தால் மட்டுமே பொருந்தும். அந்த ஒரு அமைப்பை மாற்றினாலே தேவைப்படும் கம்ப்யூட்டரின் தரம் இரண்டு படி இறங்கிவிடும்.

கைக்கு வந்தவை

முதலில் வந்தது அத்தானின் அலுவலகத்தில் ஒதுக்கிப்போட்ட டவர். ஐ7-2600, 2011-ஆம் ஆண்டு வந்த 2-ஆம் தலைமுறை பிராசஸர், கூடவே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு. இலவசம். "ஐ7-ஐ விட்டுட்டு ஏன் காசு கொடுத்து ஐ5 வாங்கணும்?" என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஐ5, ஐ7 என்ற பெயரைவிடத் தலைமுறை முக்கியம் என்பதை அவருக்குக் காட்ட, அதையே ஓட்டிப் பார்த்துவிட்டோம்.

அந்தத் தலைமுறையில்தான் இன்டெல் க்விக் சிங்க் என்ற, வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் என்றே தனிப் பகுதியைப் பிராசஸருக்குள் கொண்டுவந்தது. எச்.264 வரைக்கும் அதற்குத் தெரியும், எச்.265 தெரியாது. எச்.265-ஐ முழுதாக வன்பொருளிலேயே விரிக்கிற திறன் 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையில்தான் நிலைபெற்றது. 10 பிட் எச்.265 அதற்கடுத்த 7-ஆம் தலைமுறையில் வந்தது. ஆகவே அந்த ஐ7-இல் வாசல் கேமராவின் பெரிய படத்தைத் திறந்து பார்த்தால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில் விழுந்து, காற்றாடி கத்த ஆரம்பித்தது. ஆள் தேடும் வேலைக்கு ஃப்ரிகேட் பயன்படுத்துகிற ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருளும் இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 6-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஓடும். ஐ7-இல் அதையும் பிராசஸரே செய்ய வேண்டும். பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தோம்: ஏழு கேமராவோடு 85 வாட்.

வருடத்துக்கு 8,760 மணி நேரம் ஓடப்போகிற பொருள் இது. 85 வாட் என்றால் இரண்டு மாத பில்லில் 124 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டை இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிட்டு மேலும் கேட்கிறது. கோடையில் ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, கீழ்ப்படிகளுக்கும் கணக்கு மாறி பில் எகிறும். இலவசமாக வந்த கம்ப்யூட்டர் உண்மையில் இலவசம் இல்லை என்பது அந்தத் தாளில் தெரிந்ததும் அத்தான் அதற்குமேல் வாதாடவில்லை.

இரண்டாவது யோசனை அக்கா மகனுடையது: அவனுடைய பழைய லேப்டாப். கரன்ட் குறைவு, பேட்டரி இருப்பதால் யுபிஎஸ்ஸும் தேவையில்லை என்றான். ஆனால் லேப்டாப் பேட்டரியை வருடக்கணக்கில் முழு சார்ஜிலேயே, அதுவும் திருச்சி வெயிலில், பூட்டிய அறையில் வைத்திருந்தால் அது உப்பக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியை ஆள் பார்க்காத இடத்தில் வைக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 3.5 அங்குல டிஸ்க்குக்கு உள்ளே இடமும் கிடையாது.

மூன்றாவது, கையடக்கமான மினி கம்ப்யூட்டர். லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ மாதிரியானவை. ஐ5-8500டி போன்ற 35 வாட் பிராசஸரோடு வரும். சத்தமில்லை, மேஜை டிராயரில் அடங்கும். இதன் மேல் எனக்கு ஆசைதான். தடுத்தது டிஸ்க். உள்ளே 2.5 அங்குல டிஸ்க்குக்கு மட்டுமே இடம். பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் யுஎஸ்பியில் வெளியே தொங்கவிட வேண்டும். அதற்குத் தனி அடாப்டர், தனி வயர். துடைக்கும்போது ஒரு வயர் லேசாக நகர்ந்தாலும் பதிவு போச்சு. செத்த டிஸ்க்கால் ஏமாந்த வீட்டில் அந்த அபாயத்தை மறுபடியும் கூப்பிட வேண்டாம் என்று முடிவானது. பதிவுக்கு வேறு இடம் இருக்கிற வீடுகளில், உதாரணமாக ஏற்கெனவே ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த டிஸ்க் பெட்டி) இருந்தால், மினியே சிறந்த தேர்வு.

ஆக மிஞ்சியது நடுவாந்தர உருவம், கடைகளில் எஸ்எஃப்எஃப் என்று சொல்கிற ஒல்லியான ஆபீஸ் டெஸ்க்டாப். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று உள்ளேயே திருகிப் பொருந்தும். எம்.2 இடத்தில் சின்ன எஸ்எஸ்டி. கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு செருக அரை உயர ஸ்லாட். நாங்கள் எடுத்தது டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, ஐ5-8500, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விலை 14,000 ரூபாய்க்குள்.

6-ஆம், 7-ஆம் தலைமுறை போதாதா என்றால், போதும். ஐ5-7500 இந்த ஏழு கேமராவைச் சுமக்கும். இன்னும் சொல்லப்போனால் இப்போது லாபகரமான பொருள் அதுதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்களிலிருந்து 6, 7-ஆம் தலைமுறை இயந்திரங்கள் கழிக்கப்பட்டு வருகின்றன. லினக்ஸ் போடப்போகிறவருக்கு விண்டோஸ் ஏற்காதது ஒரு குறையே இல்லை. நாங்கள் பார்த்த கடையில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சமாக இருந்தது. 8-ஆம் தலைமுறையில் ஐ5-க்கு நான்குக்குப் பதில் ஆறு கோர் கிடைக்கிறது. அதனால்தான் அந்தப் படியேறினோம்.

கடையில்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் லீஸ் முடிந்து திரும்பி வந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், எடுத்து மாட்டி ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நல்ல கடைக்காரர் மறுப்பதில்லை.

"சார், இதைப் பாருங்க, ஐ5 ஒன்பதாவது ஜெனரேஷன், கார்டோட வருது" என்று ஒரு கடையில் அசெம்பிள் செய்த பெட்டியைக் காட்டினார்கள். பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தது: ஐ5-9400எஃப். அந்த எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். க்விக் சிங்க்கும் இல்லை, ஓபன்வினோவுக்கு உள் கிராபிக்ஸும் இல்லை. தனி கார்டு இரவு பகலாகக் கரன்ட் குடிக்கும். விளையாட நல்ல பெட்டி, இந்த வேலைக்கு ஆகாது. பழைய சர்வர்களில் வரும் ஸியான் இ5 வகையும் இதே காரணத்துக்காக வேண்டாம். கோர் நிறைய, விலை சல்லிசு, ஆனால் வீடியோவுக்கென்று உள்ளே எதுவும் இல்லை.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் டெல் சர்வீஸ் டேக்கை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தால், தொழிற்சாலையிலிருந்து எப்போது வந்தது, எந்த உறுப்புகளோடு வந்தது என்று தெரியும். கடைக்காரர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். அப்புறம் பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரைக்குள், போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கம்பெனி போட்ட அட்மின் பாஸ்வேர்டு இன்னும் இருந்தால் அதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்; முடியாது என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். பயாஸில் மாற்ற வேண்டிய விஷயங்கள் நமக்கு உண்டு.

அதில் ஒன்று அதிகம் பேசப்படாதது. இன்டெல் வீப்ரோ (vPro) வசதியுள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இன்டெல் ஏஎம்டி என்ற தொலைநிர்வாகம் இருக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் நெட்வொர்க் வழியாக அதை இயக்கப் பழைய ஐடி துறை பயன்படுத்தியது. டிஸ்க்கை அழித்தாலும் இது போகாது, ஏனென்றால் இது டிஸ்க்கில் இல்லை. 2017-இல் இதில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்ததும் உண்டு. வீட்டுக் கேமரா ஓடப்போகிற பெட்டியில் முந்தைய உரிமையாளரின் சாவி இருக்கக் கூடாது. உள்ளே போய் அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, அணைத்துவிட்டு, பயாஸையும் புதிய பதிப்புக்கு ஏற்றினோம்.

விண்டோஸ் வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் போட்டுத் தருகிற விண்டோஸ் பல நேரம் கிராக் செய்தது. எவரோ மாற்றி எழுதிய நிரலை உங்கள் படுக்கையறை வாசலைப் பார்க்கிற கம்ப்யூட்டரில் ஓடவிடாதீர்கள். இந்த மாதிரி பிராண்டட் இயந்திரங்களில் பெரும்பாலும் அசல் உரிமம் பயாஸிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக நீங்களே மறுபடி நிறுவினால் தானாக ஆக்டிவேட் ஆகும். நாங்கள் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டோம்.

இந்த வகைப் பெட்டியின் உண்மையான பலவீனம் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே கரன்ட் கொடுக்கிற பகுதி. டெல், எச்பி இரண்டுமே எஸ்எஃப்எஃப் மாடல்களில் தங்களுக்கென்று தனி வடிவம் வைத்திருக்கின்றன. போனால் பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால் வாங்கும்போதே அதே மாடலின் உபரி எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தாயிற்று.

டிஸ்க்: இங்கே மட்டும் பழையது வேண்டாம்

கம்ப்யூட்டரோடு கடைக்காரர் 1 டிபி பழைய டிஸ்க் ஒன்றைச் சும்மா தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்றேன். இந்த அமைப்பில் அதிகமாகத் தேயப்போகிற உறுப்பு அதுதான். அதில் போய் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நாளைக்கு 216 ஜிபி என்றால் வருடத்துக்கு 79 டிபி எழுத வேண்டியிருக்கும். சீகேட் பாரகுடா போன்ற சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு உற்பத்தியாளர் சொல்கிற வேலையளவு வருடத்துக்கு 55 டிபி, 2,400 மணி நேரம். நமக்குத் தேவை 8,760 மணி நேரம். கேமராவுக்கென்றே வரும் சீகேட் ஸ்கைஹாக், டபிள்யூடி பர்பிள் வகைகள் இருபத்துநாலு மணி நேரமும் ஓட உருவாக்கப்பட்டவை. வருடத்துக்கு 180 டிபி தாங்கும் என்கிறார்கள். நம் 79 அதில் பாதிகூட இல்லை. 4 டிபி ஸ்கைஹாக் ஒன்றைப் புதிதாக, பில்லோடு வாங்கினோம். விலை கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல். சரியான செலவுதான். வாங்கும்போது பில்லையும் டிஸ்க்கின் வரிசை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது; பழைய டிஸ்க்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதும் சந்தையில் உண்டு. வீட்டுக்கு வந்ததும் டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து ஓடிய மணி நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவை எஸ்எஸ்டியில் எழுதக் கூடாது. சாம்சங் 860 ஈவோ 250 ஜிபி போன்ற நல்ல எஸ்எஸ்டிக்கே மொத்த எழுத்து ஆயுள் 150 டிபி என்றுதான் உத்தரவாதம். இந்த வீட்டுக் கணக்கில் இரண்டு வருடத்தில் அது முடிந்துவிடும். எஸ்எஸ்டி இயங்குதளத்துக்கு மட்டும்.

கரன்ட் போனால், நேரம் தப்பினால்

பொருத்தி முடித்து மீட்டரில் பார்த்தால் கம்ப்யூட்டர் 30 வாட் வாக்கில் நின்றது. இரண்டு மாதத்துக்கு 44 யூனிட். அந்த இலவச டவரைவிட 80 யூனிட் குறைவு. ஆள் தேடுகிற வேலையை உள் கிராபிக்ஸ் ஒரு படத்துக்கு 15 மில்லிசெகண்ட் வாக்கில் முடிக்கிறது. ஏழு கேமராவும் வினாடிக்கு 5 படம் கொடுத்தாலும் 35 படம்தான், மூச்சு வாங்காது.

குறைந்த வாட்டுக்கு இன்னொரு பலன் யுபிஎஸ்ஸில் தெரிந்தது. கம்ப்யூட்டர், பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்குக் கரன்ட் கொடுப்பது), டிவிஆர், கேமராக்கள், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 85 வாட் பக்கம். சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. இந்தச் சுமைக்கு அரை மணி நேரம் தாங்கும். பழைய டவரை வைத்திருந்தால் அது இன்னும் வெகுவாகக் குறைந்திருக்கும். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறது. இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகாமல் இருக்க யுபிஎஸ்ஸை இடையில் வைத்தோம்.

எல்லாம் காலியாகி, பிறகு கரன்ட் வந்தால்? யாராவது போய்ப் பட்டனை அழுத்தினால்தான் கம்ப்யூட்டர் எழும் என்றால், வெளியூர் போயிருக்கும் வீட்டில் அது பயனில்லை. பயாஸில் ஏசி ரெக்கவரி என்ற அமைப்பை "பவர் ஆன்" என்று மாற்ற வேண்டும். வாங்கும் முன்பே பயாஸ் பாஸ்வேர்டைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றி, ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்த பிறகே நம்பினோம்.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் கரன்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் போகும். வீடியோவில் தவறான தேதி இருந்தால் ஸ்டேஷனில் முதல் சந்தேகமே அதன் மேல்தான் விழும்.

கேமராக்களின் கடிகாரத்தையும் கம்ப்யூட்டரே சரிசெய்யும்படி வைத்திருக்கிறோம், ஏனென்றால் கேமராக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை. கூடுதல் நெட்வொர்க் கார்டு அதற்காகத்தான்: ஒரு பக்கம் கேமராக்களும் டிவிஆரும், மறுபக்கம் வீட்டு ரவுட்டர், நடுவில் கம்ப்யூட்டர் மட்டும். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த வருடம் அக்டோபர் 21-ஆம் தேதி இணையத் தளங்களின் முகவரியைக் காட்டித் தருகிற டைன் (Dyn) என்ற நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவில் பல பெரிய தளங்களையே முடக்கியது. வெளியே போக வழியில்லாத கேமராவை அப்படி யாரும் பிடிக்க முடியாது. வெளியூரிலிருந்து பார்க்க, நம் போனையும் கம்ப்யூட்டரையும் பாதுகாப்பாக இணைக்கிற டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டோம். ரவுட்டரில் எந்தக் கதவையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அக்காவுக்கும் அத்தானுக்கும் கருத்து வேறுபாடு. பரணில் வைத்தால் திருடன் கண்ணில் படாது என்றார் அத்தான். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பு. அக்கா சொன்னபடி மாடிப்படிக்குக் கீழே, கம்பிக்கதவு போட்ட பொருள் அறையில் வைத்தோம். காற்றும் வருகிறது, பூட்டும் இருக்கிறது.

எழுதுகிறதா என்று யார் பார்ப்பது

இந்த வேலையில் நான் மிக அக்கறை எடுத்துச் செய்தது இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒவ்வொரு கேமராவின் கடைசிப் பதிவு எப்போது எழுதப்பட்டது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். ஏதாவது ஒன்று நின்றிருந்தால் குடும்பத்தின் டெலிகிராம் குழுவுக்குச் செய்தி அனுப்பும். டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களில் சேதமான பகுதிகள் கூடினாலும் அப்படியே. ஆனால் பெட்டியே செத்துவிட்டால் செய்தி அனுப்ப ஆள் இருக்காது. அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு "ஏழு கேமராவும் பதிவாகிறது, 17 நாள் பதிவு இருக்கிறது" என்று ஒரு வரி வரும். அது வராத காலை, ஏதோ தவறு என்று அர்த்தம். அக்காவே இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு முறை அப்படித்தான், மோட்டார் அறை கேமரா நின்றுவிட்டதாக மதியம் செய்தி வந்தது. அணில் கேபிளைக் கடித்திருந்தது. அன்றைக்கே மாற்றி, வெளியே தெரிகிற இடங்களில் பிவிசி குழாய் போட்டாயிற்று.

ஈசல் பிரச்சினை போய்விட்டது. ஆள் வந்தால் மட்டும் போன் ஒலிக்கிறது. எப்போதாவது காயப்போட்ட வேட்டியை ஆள் என்று நினைக்கிறது, அந்தக் கொடிக்கம்பி இருக்கும் பகுதியை மறைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு ஜன்னலும் மாடிக் கேமராவில் விழுந்தது. அதையும் கேமராவிலேயே கறுப்பாக மறைத்து, அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். இதைச் செய்யாமல் கேமரா மாட்டுவது சரியில்லை.

பதிவை எப்போதாவது போலீசுக்குக் கொடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்றும் எழுதி வைத்திருக்கிறோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடுகிற ஒரு கைரேகை எண்) குறிக்க வேண்டும். ஆகவே பதிவை ஏற்றுமதி செய்த உடனே எஸ்எச்ஏ256 ஹாஷ் எடுத்துக் குறித்துக்கொள்வது, கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே பென் டிரைவில் தருவது, அந்த நாளின் மூலப் பதிவு டிஸ்க்கில் அழியாதபடி பூட்டுவது. மூன்றும் ஒரு தாளில் எழுதி பொருள் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

இன்னும் பாக்கி இருப்பது ஒன்று. திருடன் பெட்டியையே தூக்கிப்போனால் பதிவும் போகும். ஆள் தென்பட்ட துண்டுகளை மட்டும் உடனுக்குடன் என் வீட்டுக்கு அனுப்புகிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. அவை ஒரு நாளைக்கு 1 ஜிபிகூட வருவதில்லை, வீட்டு ஃபைபர் இணைப்பு அதைச் சாதாரணமாகத் தாங்கும். டிஸ்க்குக்கு வாரண்டி மூன்று வருடம். அது முடிகிற மாதத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, தேதியை அக்காவின் போன் காலண்டரில் போட்டிருக்கிறோம்.